விருந்தினருக்கு எவ்வளவு, வீட்டாருக்கு எவ்வளவு? நாள் வாடகை வீடுகளின் வரிக் கணக்கு

வீட்டின் ஒரு அறையையோ முழு வீட்டையோ நாள் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்குகிறவர்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தெந்தச் செலவைக் கழிக்கலாம்?" பட்டியல் வேண்டும் என்கிறார்கள். பட்டியல் கிடைப்பது சுலபம். முன்பதிவு நடக்கும் இணையதளத்தின் (இனி "தளம்") கமிஷன், துப்புரவுக் கூலி, படுக்கை விரிப்பு, சோப்பு, மின்சாரம், தண்ணீர், இணையம், இன்சூரன்ஸ், சொத்து வரி, வீட்டுக் கடன் வட்டி, பழுதுபார்ப்பு, தேய்மானம். பெரும்பாலான நாடுகளின் பட்டியல் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஆனால் பட்டியல் கையில் இருந்தும் கணக்கு தவறிப்போகிறது. காரணம், இந்தத் தொழில் நடக்கும் இடம் ஒரு வீடு. ஒரு கடைக்காரருக்குக் கடையின் மின் கட்டணம் முழுக்கக் கடைச் செலவு, அதில் பேச ஒன்றுமில்லை. நாள் வாடகை வீட்டிலோ ஒரே மீட்டரில் விருந்தினரின் ஏசியும் ஓடுகிறது, வீட்டாரின் வாஷிங் மெஷினும் ஓடுகிறது. அந்த மின் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் விருந்தினரின் பங்கு எவ்வளவு?" என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. வரித்துறை கேட்பது அந்தக் கேள்வியைத்தான். செலவின் பெயரைவிட அதில் எத்தனை பங்கு வாடகைக்கு உரியது என்பதில்தான் கழிவு நிற்கிறது அல்லது விழுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பங்கு பிரிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் வருமானத்தைச் சரியாக எழுத வேண்டும்

செலவுக்குப் போகும் முன் ஒரு விஷயம். விருந்தினர் 100 கொடுக்கிறார், தளம் தன் கமிஷனாக 15 எடுத்துக்கொண்டு 85-ஐ உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் 85-ஐ வருமானமாக எழுதிவிடுகிறார்கள். சிலர் 85-ஐ வருமானமாக எழுதி, அதிலிருந்து 15-ஐ மறுபடியும் செலவாகக் கழிக்கிறார்கள். இரண்டுமே தவறு. வருமானம் 100, கமிஷன் செலவு 15. முதல் தவறில் லாபம் என்னவோ அதே 85தான், ஆனால் தளம் வரித்துறைக்குச் சொல்லும் தொகையோடு உங்கள் கணக்கு பொருந்தாது. நோட்டீஸ் வருவதற்கு அது போதும்.

தளங்கள் இப்போது அதைச் சொல்லத்தான் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல், பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், வீட்டுக்காரர்கள் தளத்தின் வழியே எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதைத் தளங்களே வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் தளம் மொத்தத் தொகையின் மீது வரி பிடித்தம் செய்து கட்டுகிறது. 2024 அக்டோபரில் அந்த விகிதம் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. தொகை சின்னதுதான். ஆனால் பிடித்தம் நடந்த இடத்தில் பதிவும் இருக்கும்.

முழுசாகக் கழிவது, பங்கு போட்டுக் கழிப்பது

செலவுகளை இரண்டு கூடையில் போட்டுப் பாருங்கள். விருந்தினருக்காக மட்டுமே செய்தவை ஒன்று: தளத்தின் கமிஷன், விளம்பரப் படம் எடுத்தவருக்குக் கொடுத்த கூலி, விருந்தினர் அறைக்கு மட்டும் வாங்கிய விரிப்பு, அவர்கள் கிளம்பியபின் துடைத்துப் பெருக்கியவருக்குக் கொடுத்த காசு. இவை முழுக்கக் கழியும், பங்கு போட வேண்டியதில்லை. வீடு வாடகைக்குப் போகாவிட்டாலும் இருந்திருக்கும் செலவுகள் மற்றொன்று: வட்டி, சொத்து வரி, இன்சூரன்ஸ், மின்சாரம், தண்ணீர், இணையம், கூரைப் பழுது. இவற்றில்தான் பங்கு வேண்டும்.

பங்கு போட இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று இடம், மற்றொன்று நாள். தனி வீட்டை முழுசாக விட்டால் நாள் மட்டும் போதும். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையை விட்டால் இரண்டும் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீடு 1,000 சதுர அடி. விருந்தினர் அறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் 150 சதுர அடி. சமையலறையும் கூடமும் 350 சதுர அடி, அதை இரு தரப்பும் பயன்படுத்துகிறார்கள். விருந்தினருக்கு மட்டுமான இடம் 15 சதவீதம். பொது இடம் 35 சதவீதம், அதில் பாதி விருந்தினருடையது என்று எடுத்தால் 17.5. ஆக 32.5 சதவீதம். இது விருந்தினர் இருக்கும் நாளுக்கான பங்கு. வருஷத்தில் 120 நாள் ஆள் இருந்தார்கள், மற்ற நாள்களில் அந்த அறையில் உங்கள் பிள்ளை படித்துக்கொண்டிருந்தான் என்றால் 32.5-ஐ 365-ல் 120 பங்காகக் குறைக்க வேண்டும். வருவது சுமார் 10.7 சதவீதம். வருஷ இணையக் கட்டணம் 100 என்றால் 10 ரூபாய் 70 காசுதான் கழிவு.

இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வீட்டை விட்டிருக்கிறோமே, மூன்றில் ஒரு பங்கு செலவு கழிய வேண்டாமா என்பார்கள். மீதி 245 நாள் அந்த அறை யாருடையது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். வாடகைக்கு வேண்டுமென்றே காலியாகப் பூட்டி வைத்திருந்து, வீட்டார் தொடவே இல்லை என்றால் கதை வேறு. அந்தக் காலி நாள்களை எப்படி நடத்துவது என்பதில்தான் நாடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

காலி நாள்கள் யாருடையவை

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு தம்பதிக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. ஒரு வருஷத்தில் 91 நாள் வாடகைக்கு விட்டார்கள், 30 நாள் தாங்கள் தங்கினார்கள், 244 நாள் வீடு காலியாக இருந்தது. வட்டியிலும் சொத்து வரியிலும் வாடகையின் பங்கு எவ்வளவு என்பதில் வரித்துறைக்கும் அவர்களுக்கும் சண்டை. பயன்படுத்திய நாள்கள் 121, அதில் 91 வாடகை, ஆகவே 75 சதவீதம் என்றது வரித்துறை. வட்டி பயன்படுத்திய நாளுக்கு மட்டுமா ஏறுகிறது, வருஷம் 365 நாளும் ஏறுகிறதே, ஆகவே 365-ல் 91, அதாவது 25 சதவீதம் என்றார்கள் தம்பதி.

வீட்டுக்காரரே தனக்குக் குறைந்த பங்கைக் கேட்டது விசித்திரமாகத் தோன்றும். அங்கே சட்டம் கழிவுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. சொந்த உபயோகமும் கணிசமாக உள்ள வீட்டில் வாடகை வருமானத்துக்கு மேல் செலவு காட்ட முடியாது. முதலில் வட்டியும் சொத்து வரியும் கழிய வேண்டும், அப்புறம் பராமரிப்பு, கடைசியில் தேய்மானம். எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். வாடகை 60. வட்டியும் சொத்து வரியும் சேர்த்து 80. பராமரிப்பு 40, அதில் வாடகைப் பங்கு 30. வரித்துறை முறையில் 80-ல் 75 சதவீதம், அதாவது 60, வாடகை முழுவதையும் விழுங்கிவிடுகிறது, பராமரிப்புக்கு இடமே இல்லை. தம்பதியின் முறையில் வட்டிக்கு 20 போகிறது, மீதி 40-ல் பராமரிப்பு 30-ம் கழிந்து தேய்மானத்துக்கும் 10 மிஞ்சுகிறது. வாடகைக்குப் போகாத 60 வட்டியைச் சொந்த வீட்டு வட்டியாக வேறு இடத்தில் கழித்துக்கொள்ளலாம். மேல்முறையீட்டிலும் தம்பதியே வென்றார்கள். ஆனாலும் வரித்துறையின் வழிகாட்டி இன்றைக்கும் தன் பழைய முறையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரே வீடு, ஒரே வருஷம், ஒரே ரசீதுகள். வகுக்கும் எண் மாறியதும் கணக்கே மாறிவிட்டது. வட்டி, சொத்து வரி போல நாள்தோறும் ஏறும் செலவையும், மின்சாரம், துப்புரவு போல ஆள் இருந்தால் மட்டும் ஏறும் செலவையும் ஒரே விகிதத்தால் வகுப்பது நியாயமா என்று அந்த வழக்கு கேட்டது. எனக்கு அந்த வாதம் சரியாகத்தான் படுகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதைச் சொன்னாலும், கணக்கு எழுதும்போது இந்த இரு வகைச் செலவையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கேள்வி வேறு விதமாக வரும். காலி நாள்களுக்கும் கழிவு உண்டு, ஆனால் வீடு உண்மையிலேயே வாடகைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். விளம்பரம் மட்டும் போட்டுவிட்டு, யாரும் தர முடியாத வாடகை கேட்பது, பள்ளி விடுமுறை நாள்களைத் தனக்கென்று அடைத்துக்கொள்வது, வருகிறவர்களுக்குக் காரணமில்லாமல் "இல்லை" என்று சொல்வது எல்லாம் இருந்தால், வீடு வாடகைக்கு இருந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சொந்த உபயோகம் என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தங்கை குடும்பம் வந்து ஒரு வாரம் தங்கியது, பாதி வாடகை கொடுத்தார்கள் என்றால் அது வாடகை நாளா? அமெரிக்க விதிப்படி அல்ல, உங்கள் சொந்த நாள். சந்தை வாடகைக்குக் குறைவாக யாருக்கு விட்டாலும் சொந்த நாளாகத்தான் சேரும். மாறாக, நாள் முழுக்க நீங்கள் கூரைப் பழுதும் பெயின்ட் வேலையும் செய்வதற்காகப் போய்த் தங்கிய நாள் சொந்த நாள் ஆகாது, கூடவே குடும்பத்தார் வந்து சும்மா இருந்தாலும் கூட. அன்று என்ன வேலை செய்தீர்கள், எந்தக் கடையில் என்ன சாமான் வாங்கினீர்கள் என்பதை அன்றே ஒரு வரி எழுதி வைத்தால்தான் இந்த விதி உங்களுக்கு உதவும்.

அதே நாட்டில் இன்னொரு வினோதமான விதியும் உண்டு. குடியிருக்கும் வீட்டை வருஷத்தில் 15 நாளுக்குக் குறைவாக விட்டால் அந்த வாடகைக்கு வரியே இல்லை. பதிலுக்கு வாடகைச் செலவு என்று ஒன்றும் கழிக்க முடியாது. 1976-ல் வந்த இந்த விதியை, கோல்ஃப் போட்டி நடக்கும் ஊரான அகஸ்டாவின் பெயரால் அழைக்கிறார்கள். 14-ஆம் நாள் வரை எல்லாம் வரியில்லாமல் போய், 15-ஆம் நாள் விட்டதும் மொத்தமும் கணக்குக்குள் வந்துவிடும்.

பழுதுபார்ப்பா, மேம்பாடா

குளியலறையில் மூன்று ஓடுகள் உடைந்துவிட்டன. அதே மாதிரி மூன்று ஓடு வாங்கி ஒட்டினால் அது பழுதுபார்ப்பு, அந்த வருஷமே கழியும். கொத்தனார் வந்தபோது, "எப்படியும் சிமென்ட் கலக்கப் போகிறோம், மொத்தத் தரையையும் மாற்றி, குளியல் தொட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பும் வைத்துவிடலாம்" என்று முடிவானால் அது மேம்பாடு. மூலதனச் செலவு. ஒரே வருஷத்தில் கழியாது, பல வருஷத்துக்குத் தேய்மானமாகப் பரவும் அல்லது வீட்டை விற்கும் வரை காத்திருக்கும்.

இரண்டையும் ஒரே கொத்தனார் ஒரே பில்லில் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் நடைமுறையில் வரும் தொல்லை. "குளியலறை வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி. அந்த வரியில் உடைந்த ஓட்டின் செலவும் கரைந்துபோகிறது. வேலைக்கு முன்பே பேசி, பழுதுக்கு ஒரு பில், புது வேலைக்கு ஒரு பில் என்று பிரித்து வாங்குங்கள். முடிந்தால் உடைந்த ஓட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

காலமும் முக்கியம். வீட்டை வாங்கியபோதே ஒழுகிக்கொண்டிருந்த கூரையை, முதல் விருந்தினர் வருவதற்கு முன் சரிசெய்தால் ஆஸ்திரேலியாவில் அது பழுதுபார்ப்பாகக் கழியாது. வாங்கும்போதே இருந்த குறை வீட்டின் விலையோடு சேர்ந்தது என்பது அவர்கள் வாதம். அதே ஒழுகல் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் கழியும்.

மெத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெத்தை இல்லாத நாள் வாடகை வீடு இல்லை. பிரிட்டனில் முதல் மெத்தை வாங்கிய செலவு கழியாது. அது பழசாகி, அதற்குப் பதிலாக வாங்கும் மெத்தையின் செலவு கழியும். சாதாரண சோபாவைத் தூக்கிவிட்டுப் படுக்கையாக விரியும் சோபா வாங்கினால், சாதாரண சோபா என்ன விலை வந்திருக்குமோ அந்த அளவுதான் கழிவு. பழைய மெத்தையை விற்றுக் காசு வந்திருந்தால் அதையும் குறைத்துவிட வேண்டும். அங்கே விடுமுறை வீடுகளுக்கென்று தனிச் சலுகை ஒன்று முன்பு இருந்தது. வருஷத்தில் 210 நாள் வாடகைக்குத் தயாராக இருந்து 105 நாள் ஆள் தங்கினால், கட்டில், சோபா போன்ற தளவாடங்களுக்கு நேரடிக் கழிவும் கடன் வட்டிக்கு முழுக் கழிவும் கிடைத்தன. 2025 ஏப்ரலோடு அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது அவர்களும் மற்ற வாடகை வீட்டுக்காரர்களைப் போல, வீட்டுக் கடன் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, வட்டியில் 20 சதவீதத்தை வரியில் குறைத்துக்கொள்ளலாம். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் 105 நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேய்மானம்: இன்று கழியும், விற்கும்போது திரும்பி வரும்

வீடும் தளவாடமும் வருஷா வருஷம் மதிப்பு இழப்பதாக எடுத்துக்கொண்டு அதைச் செலவாகக் கழிப்பது தேய்மானம். கையிலிருந்து காசு போகாமல் கிடைக்கும் கழிவு என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். நிலம் தேயாது, கட்டடம் மட்டுமே தேயும். ஆகவே வாங்கிய விலையில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் குடியிருப்பு வாடகை வீட்டுக்கு இந்தக் காலம் 27.5 வருஷம். ஆனால் விடுதி போல ஆள் மாறி ஆள் வந்து போகும் வீட்டை வணிகக் கட்டடமாக எடுத்து 39 வருஷம் என்று கணக்கிட வேண்டி வரும். நாள் வாடகை விடுகிறவர்கள் இதைத் தெரியாமல் 27.5 என்று போட்டுவிடுகிறார்கள்.

கழித்த தேய்மானம் விற்கும் நாளில் திரும்பி வரும். அமெரிக்காவில் அதுவரை கழித்த கட்டடத் தேய்மானத்தின் அளவு லாபத்துக்கு 25 சதவீதம் வரை வரி போடுவார்கள். கழிக்காமல் விட்டிருந்தாலும், கழித்திருக்கலாம் என்ற அளவுக்கு அதே வரி வரும். "எதற்கு வம்பு, தேய்மானமே வேண்டாம்" என்று விட்டவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். பிரான்ஸிலும் 2025-லிருந்து, தொழிலாக இல்லாமல் தளவாடத்தோடு வாடகைக்கு விடுகிறவர்கள் வீட்டை விற்கும்போது, கழித்த தேய்மானம் லாபத்தில் சேர்கிறது. குடியிருக்கும் வீட்டை விற்றால் வரியில்லை என்ற சலுகை உள்ள நாடுகளில், ஒரு அறையை வாடகைக்கு விட்டதால் அந்தச் சலுகையில் ஒரு பங்கு போகவும் கூடும். ஆஸ்திரேலியாவில் அப்படித்தான்.

மொத்தமாகக் கழிப்பதா, ரசீது ரசீதாகக் கழிப்பதா

சில அரசுகள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று உண்மைச் செலவு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு தட்டையான கழிவைத் தருகின்றன. பிரிட்டனில் குடியிருக்கும் வீட்டின் அறையைத் தளவாடத்தோடு விட்டால் வருஷத்துக்கு 7,500 பவுண்டு வரை வரியில்லை. வேறு வகை வாடகை என்றால் 1,000 பவுண்டு. இவற்றை எடுத்துக்கொண்டால் உண்மைச் செலவைக் கழிக்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். பிரான்ஸில் தர மதிப்பீடு பெறாத சுற்றுலா வீட்டுக்கு வாடகையில் 50 சதவீதம் கழிவாகக் கிடைத்துவந்தது. 2025 வருமானத்திலிருந்து அது 30 சதவீதம், அதுவும் ஆண்டு வாடகை 15,000 யூரோவுக்குள் இருந்தால்தான். கமிஷனும் துப்புரவுமே 30 சதவீதத்தைத் தாண்டும் வீட்டில் இந்தத் தட்டைக் கழிவு நஷ்டம்.

இந்தியாவில் இந்தத் தேர்வு நம் கையிலேயே முழுக்க இல்லை, வரிச் சட்டத்தில் அந்த வருமானம் எந்தத் தலைப்பில், அதாவது எந்த வகையில், வருகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு வாடகை என்ற தலைப்பில் வந்தால், கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் 30 சதவீதம் தானாகக் கழியும், கடன் வட்டியும் கழியும். அவ்வளவுதான். துப்புரவுக்கும் கமிஷனுக்கும் உண்மையில் எவ்வளவு ஆனாலும் அந்த 30-க்குள் அடக்கம். தொழில் வருமானம் என்ற தலைப்பில் வந்தால் உண்மைச் செலவும் தேய்மானமும் கழியும். 2024 பட்ஜெட்டில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: உரிமையாளர் குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ வாடகைக்கு விட்டு வரும் வருமானம் வீட்டு வாடகைத் தலைப்பில்தான் வர வேண்டும், தொழில் என்று காட்டக் கூடாது. வாடகை வீட்டைத் தொழிலாகக் காட்டிச் செலவை ஏற்றிக் கழித்தவர்களை அது தடுக்கிறது. சாப்பாடு, தினசரிப் பராமரிப்பு, வரவேற்பு என்று சேவையோடு நடத்தும் ஹோம்ஸ்டே வெறும் வாடகையா, தொழிலா என்பது அங்கே கொடுக்கும் சேவையைப் பார்த்து முடிவாகும். சாவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர் தொழில் என்று சொல்வது கடினம். சேவையோடு நடத்துகிறவர், என்னென்ன சேவை என்பதற்குச் சான்று வைத்திருக்க வேண்டும். தொழிலாகக் காட்டினால் ரொக்கக் கூலியிலும் கவனம் தேவை: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழியாது.

எங்கேயும் கழியாதவை

வீட்டுக் கடன் தவணையில் அசல் கழியாது, வட்டி மட்டும்தான். கடன் வீட்டின் பேரில் இருந்தால் போதாது, எதற்குச் செலவழித்தோம் என்பதும் பார்ப்பார்கள். வாடகை வீட்டை அடகு வைத்துக் கார் வாங்கினால் அந்த வட்டி வாடகைச் செலவு ஆகாது. விருந்தினர் உடைத்த டிவிக்குத் தளமோ இன்சூரன்ஸோ பணம் தந்துவிட்டால், தந்தது போக மீதிதான் உங்கள் செலவு.

சொந்த உழைப்புக்குக் கூலி கிடையாது என்பதுதான் பலருக்கு மனசில் உறுத்துவது. காலை 11 மணிக்கு ஒருவர் கிளம்புகிறார், மதியம் 2 மணிக்கு அடுத்தவர் வருகிறார். நடுவில் மூன்று மணி நேரம். அதற்குள் விரிப்பை உருவி, தலையணை உறையைக் கழற்றி, தலைமுடி ஒட்டியிருக்கிறதா என்று குளியலறை மூலை வரை குனிந்து பார்த்து, குப்பையைக் கட்டி, துண்டை மடித்து வைத்து முடிக்க வேண்டும். இதை வெளி ஆள் செய்தால் கூலி முழுக்கக் கழியும். வீட்டுக்காரம்மாவே செய்தால் கழிவு சோப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும். அவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் கூலியை எந்த வரித்துறையும் ஏற்காது. சம்பளம் கொடுத்ததாக வீட்டிலுள்ள வேறு ஒருவர் பெயரில் எழுதினால், அவர் உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும், பணம் உண்மையில் கை மாறியிருக்க வேண்டும், அவர் கணக்கில் அது வருமானமாக வர வேண்டும்.

அபராதமும் பொதுவாகக் கழியாது. கனடா இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 ஜனவரி முதல் அங்கே, 90 நாளுக்குக் குறைவான குறுகிய கால வாடகையை உள்ளூர் நிர்வாகம் தடை செய்திருந்தாலோ, உரிமம் வேண்டிய இடத்தில் உரிமம் இல்லாமல் விட்டாலோ, அந்தக் காலத்துக்கான எந்தச் செலவையும் கழிக்க முடியாது. வட்டியும் இல்லை, கமிஷனும் இல்லை. வருமானத்துக்கு மட்டும் வரி உண்டு. வரிப் பட்டியலைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பார்க்க வேண்டிய நிலை அங்கே வந்துவிட்டது.

காலண்டரும் ரசீதும்

இவ்வளவு விதிகளையும் தாங்கி நிற்பது ஒரு காலண்டர்தான். தளத்தின் காலண்டர் போதாது. அதில் வாடகை நாள் மட்டும்தான் தெளிவாக இருக்கும். "கிடைக்காது" என்று அடைத்த நாள் சொந்த உபயோகமா, பழுது வேலையா, இரு விருந்தினருக்கு நடுவே விட்ட இடைவெளியா என்று அது சொல்லாது. சுவரில் மாட்டும் காலண்டரிலோ போனிலோ, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எழுத்துப் போட்டாலே போதும்: விருந்தினருக்கு "வி", சொந்தத்துக்கு "சொ", வேலைக்கு "வே", தயாராக இருந்தும் ஆள் வராத நாளுக்கு "கா". அன்றன்றே போட வேண்டும். வருஷக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய காலண்டர், எழுதியவருக்கே நம்பிக்கை தராது.

கடையில் வாங்கும்போது விருந்தினருக்கான காபித்தூளும் கழிவறைத் தாளும், வீட்டுக்கான சாமானும் ஒரே கூடையில் இருக்கும். பில் போடும் இடத்தில் இரண்டாகப் பிரித்து இரண்டு பில் வாங்க அரை நிமிஷம் போதும். ஆறு மாதம் கழித்து ஒரு நீள ரசீதில் எது யாருக்கு என்று வட்டம் போட்டுக்கொண்டிருக்க அரை நாள் வேண்டும். வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்பு ரசீதுகள் மங்கி வெற்றுத் தாளாகிவிடும், ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்துவிட வேண்டும். படத்தின் பெயரிலேயே தேதியையும் "விருந்தினர் அறை" என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால் தேடுவது சுலபம்.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பதிவுகளை 5 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் சாதாரணமாக 3 வருஷம். மேம்பாட்டுச் செலவின் பில்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது. கண்ணாடித் தடுப்பு வைத்த அந்தக் குளியலறையின் பில் வீட்டை விற்கும் வருஷத்தில்தான் வேலைக்கு வரும், அது 20 வருஷம் கழித்தும் இருக்கலாம். வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே உறையில் அதையும் போட்டு வையுங்கள்.